ஒவ்வாமைக் குளிசை: எதற்கு, எவருக்கு, எவ்வளவு?

வடமராட்சியில் தடிமனுக்கும் பிரிற்றன், சொறிக்கும் பிரிற்றன், குளவி குத்தினாலும் பிரிற்றன், பிள்ளை இரவில் நித்திரை கொள்ளாவிட்டாலும் பிரிற்றன். "அண்ணை, பிரிற்றன் ஒரு காட் தாங்கோ" என்று உடுப்பிட்டியிலோ நெல்லியடியிலோ பாமசியில் கேட்டால், யாருக்கு, என்ன வயது, வேறென்ன மருந்து எடுக்கிறார் என்ற பேச்சே எழாமல் மருந்து கைமாறிவிடுவதும் உண்டு. பிரிற்றன் என்பது குளோர்பெனிரமின் என்ற மருந்தின் வணிகப் பெயர்களுள் ஒன்று. நம் ஊரில் அந்தக் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றுக்குமே அது பொதுப்பெயராகிவிட்டது.

இவை நல்ல மருந்துகள். விலை குறைந்தவை, முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கோடிக்கணக்கான மக்களுக்கு ஆறுதல் தந்தவை. ஆயினும் ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள்களுள் இவை அடக்க வல்லது ஹிஸ்டமின் என்ற ஒரே பொருளைத்தான். ஆகவே குளிசையைக் கையில் எடுப்பவர் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். என் உபாதையை உண்டாக்குவது ஹிஸ்டமின்தானா? இந்தக் குளிசை ஹிஸ்டமினோடு சேர்த்து என் உடலில் வேறு எதை அடக்குகிறது? இவ்விரு கேள்விகளையும் முன்வைத்து, இதுவரை அறியப்பட்டவற்றைத் தொகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருந்து பிறந்த கதை

பிரித்தானிய அறிஞர் ஹென்றி டேலும் அவருடைய துணைவர் லெய்ட்லோவும் ஹிஸ்டமின் உடலில் என்ன செய்கிறது என்பதை 1910இல் விவரித்தார்கள். தோலிலும் மூக்கிலும் சுவாசக் குழாயிலும் குடலிலும் உள்ள சில உயிரணுக்களில் இப்பொருள் சேமிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வாத பொருளொன்று உடலைத் தீண்டியதும் அது வெளியே கொட்டுகிறது. இரத்தக் குழாய்கள் விரிகின்றன, நீர் கசிகிறது, நரம்பு நுனிகள் தூண்டப்படுகின்றன. தடிப்பு, கடி, தும்மல், மூக்கொழுகல், கண்ணில் நீர் எல்லாம் அதன் விளைவுகளே.

பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் டானியல் பொவே, ஆன் மரி ஸ்டோப் ஆகியோர் 1937இல் ஹிஸ்டமினைத் தடுக்கும் முதற் பொருளைக் கண்டார்கள். அது மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவுக்கு நச்சுத்தன்மை கொண்டிருந்தது. மனிதரில் பயன்படும் மருந்து 1942இல் வந்தது. அதே பத்தாண்டில் டைபென்ஹைட்ரமின், புரோமெதசின், குளோர்பெனிரமின் ஆகியவை வரிசையாக வந்து சேர்ந்தன. பொவேக்கு 1957இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த முதல் தலைமுறை மருந்துகள் மூளைக்குள் எளிதாக நுழைகின்றன. மூளையில் ஹிஸ்டமினுக்கு வேறொரு பணி உண்டு: நம்மை விழிப்பாக வைத்திருப்பது. அதைத் தடுத்தால் நித்திரை வரும். நித்திரை வராதவரிலும் கவனம் சிதறும். இதோடு, உமிழ்நீர், சிறுநீர்ப்பை, குடல், கண் ஆகியவற்றை இயக்கும் இன்னொரு நரம்புச் செய்தியையும் இவை தடுக்கின்றன. குளிசை போட்டதும் வாய் உலர்வது அதனால்தான்.

1980களில் மூளைக்குள் அதிகம் புகாத இரண்டாம் தலைமுறை வந்தது. அதன் தொடக்கமே ஒரு பாடமாயிற்று. 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெர்பெனடின், எரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளோடு சேர்ந்தபோது இதயத் துடிப்பை ஆபத்தான முறையில் குழப்பியது. 1998இல் அது அங்கே சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. உடலில் அது மாறி உருவாகும் பொருளான பெக்சோபெனடினுக்கு அந்தக் குறை இல்லை. அதுவே பின்னர் மருந்தாயிற்று. இன்று பாமசிகளில் கிடைக்கும் செற்றிரிசின், லோராற்றடின், பெக்சோபெனடின் ஆகியன இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை. ஒரு மருந்தோடு இன்னொன்றைச் சேர்த்து எடுக்கும்போது இரண்டின் பெயரையும் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும் என்பதை டெர்பெனடின் உலகுக்கு உணர்த்திச் சென்றது.

பகலில் எது, இரவில் எது?

"எனக்குப் பிரிற்றன் போட்டால் நித்திரை வராது, பழகிவிட்டது" என்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் அயோவாவில் வாகனம் ஓட்டும் பாவனைக் கருவி கொண்டு நடத்தி 2000இல் வெளியான ஆய்வொன்று இந்த நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்குகிறது. டைபென்ஹைட்ரமின் எடுத்தவர்களின் ஓட்டம், மது அருந்தியவர்களின் ஓட்டத்தை விடவும் மோசமாக இருந்தது. பெக்சோபெனடின் எடுத்தவர்கள் சரியாக ஓட்டினார்கள். தமக்கு நித்திரைத் தூக்கம் இருக்கிறதா இல்லையா என்று அவர்களே சொன்னதை வைத்து யார் மோசமாக ஓட்டுவார் என்று கணிக்க முடியவில்லை என்பதே அதில் மிகவும் கவனிக்க வேண்டிய முடிவு. பருத்தித்துறை வீதியில் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கும், பொலிகண்டிக் கரையிலிருந்து படகேறுபவருக்கும், பனையேறும் தொழிலாளிக்கும் இது நேரடியாகப் பொருந்தும்.

இரவில் போட்டால் காலையில் தெளிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. வயதுவந்தவரின் உடலில் குளோர்பெனிரமினின் அளவு பாதியாகக் குறையச் சுமார் 20 மணிநேரம் ஆகிறது.

மாணவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் 1800க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு, மூக்கு ஒவ்வாமையால் அவதிப்பட்டவர்கள் இறுதிப் பரீட்சையில் ஒரு பாடத்திலேனும் தரம் இறங்கும் வாய்ப்பு மற்றவர்களை விட 40 வீதம் கூடுதல் என்று கண்டது. நித்திரை தரும் மருந்து எடுத்தவர்களில் அது 70 வீதமாக இருந்தது. நோயைக் கவனிக்காமல் விட்டாலும் நட்டம். தவறான மருந்தைக் கொடுத்தால் இன்னும் பெரிய நட்டம். உடுப்பிட்டி அமெரிக்க மிஷன் கல்லூரியிலும் மகளிர் கல்லூரியிலும் சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதை மனதிற்கொள்வது நல்லது. பகலில் தேவைப்படும் மருந்து இரண்டாம் தலைமுறையாக இருக்கட்டும்.

இரண்டாம் தலைமுறைக்குள்ளும் வேறுபாடு உண்டு. செற்றிரிசின் 10 மில்லிகிராம் எடுப்போரில் சுமார் 14 வீதத்தினருக்கு நித்திரைத் தன்மை ஏற்பட்டது. மருந்தற்ற போலிக் குளிசை எடுத்தவர்களில் அது 6 வீதம். லோராற்றடினிலும் பெக்சோபெனடினிலும் இது குறைவு. பெக்சோபெனடினைப் பழச்சாற்றோடு எடுத்தால் உடல் அதை உறிஞ்சுவது குறையும். தண்ணீரோடுதான் எடுக்க வேண்டும். எதை எடுத்தாலும் கள்ளும் சாராயமும் கூடாது. நித்திரைக் குளிசை, வலிப்பு மருந்து, மனநோய் மருந்து எடுப்பவர்கள் கேளாமல் எடுக்கக் கூடாது.

அளவையும் இங்கே குறிப்பிடுவோம். வயதுவந்தோருக்குச் செற்றிரிசினும் லோராற்றடினும் நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், ஒரு தடவை. குளோர்பெனிரமின் தேவைப்படும்போது 4 மில்லிகிராம், நான்கு முதல் ஆறு மணி இடைவெளியில். ஒரு நாளில் 24 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் தோல் தடிப்புக்கு மருத்துவர்கள் இரண்டாம் தலைமுறை மருந்தின் அளவை நான்கு மடங்கு வரை கூட்டுவதுண்டு. அது அவர்கள் பார்த்துச் செய்ய வேண்டியது. நாமாகச் செய்யக் கூடாது.

ஹிஸ்டமின்தானா காரணம்?

சோளகக் காற்று அடிக்கும் காலத்தில் புழுதியும், மாரியில் பூஞ்சணமும், ஆண்டு முழுதும் மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப் பூச்சிகளும் மூக்கைச் சீண்டுகின்றன. இதனால் வரும் தும்மல், மூக்குக் கடி, நீரொழுகல் ஆகியவற்றுக்கு இக்குளிசைகள் நன்றாக வேலை செய்யும். மூக்கடைப்புக்கு அவ்வளவாக உதவாது. அதற்கு மருத்துவர் தரும் ஸ்டீரொயிட் மூக்குத் தெளிப்பு மருந்தே மேலானது.

சாதாரண தடிமன் வைரசால் வருவது. அதற்கு இக்குளிசைகள் உதவுமா என்ற ஆய்வுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு, வயதுவந்தோருக்கு முதல் ஓரிரு நாட்களில் சிறு ஆறுதல் கிடைப்பதையும், அதன்பின் பயன் தெரியாததையும் எடுத்துச் சொன்னது. பிள்ளைகளுக்குப் பயன் தருகிறது என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. முட்டு வருத்தத்துக்கும் இது மருந்தல்ல. மூச்சு இழுக்கும் பிள்ளைக்குப் பாணி கொடுத்துப் பார்த்துக் காத்திருப்பது உள்ளிழுக்கும் மருந்தைத் தாமதப்படுத்தும் செயல். மாரியோடு டெங்கு பரவும் காலத்தில், காய்ச்சலுடன் வரும் தோல் சிவப்பையும் கடியையும் ஒவ்வாமை என்று முடிவுகட்டிவிடவும் கூடாது.

தோட்டக்காரருக்கு ஒரு செய்தி. இலங்கையில் 1999இல் வவுனியாவில் பதிவான பார்த்தீனியம் செடி பின்னர் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலும் வெறுங்காணிகளிலும் பரவிவிட்டது. அதைத் தொட்டுப் பிடுங்குபவர்களுக்கு முகம், கழுத்து, முழங்கைகளில் தோல் சிவந்து தடித்துக் கடிக்கும். இது பெரும்பாலும் வெள்ளணுக்கள் நாட்கணக்கில் எழுப்பும் தாமத ஒவ்வாமை. இதில் ஹிஸ்டமினின் பங்கு சிறியது. குளிசை போட்டும் கடி அடங்கவில்லை என்று இன்னும் இரண்டைப் போடுவதில் பயனில்லை. கையுறையும் நீண்ட கைச் சட்டையும் அணிவது, உடனே கழுவுவது, தோல் மருத்துவர் தரும் பூச்சு மருந்து ஆகியவையே வழி.

இதற்கு நேர்மாறான நிலைமையும் கடற்கரை ஊர்களில் உண்டு. பிடித்தபின் ஐசில் வைக்காது வெயிலில் கிடந்த சூரை, கும்பிளா, சாளை போன்ற மீன்களில் பக்டீரியாக்கள் ஹிஸ்டமினையே உற்பத்தி செய்கின்றன. சமைத்தாலும் அது அழியாது. உண்டவர்களுக்குச் சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடல் கடித்து, தலை இடித்து, வயிறு பிரட்டும். இது மீன் ஒவ்வாமை அல்ல, ஹிஸ்டமின் நஞ்சூட்டல். ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து இங்கே நன்கு கைகொடுக்கும். ஒரே மீனை உண்ட பலருக்கும் ஒன்றாக வந்தால் இதையே முதலில் நினைக்க வேண்டும். அவர்கள் வாழ்நாள் முழுதும் மீனை ஒதுக்கவும் தேவையில்லை.

குழந்தைகளும் பாணியும்

பிள்ளையை நித்திரையாக்குவதற்காகப் பாணி கொடுப்பது நம்மிடையே உள்ள ஆபத்தான பழக்கம். புரோமெதசின் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூச்சை அடக்கி உயிரைப் பறிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. ஆறு வயதுக்குட்பட்டோருக்கு இருமல், தடிமன் பாணிகள் வேண்டாம் என்று பிரித்தானியா 2009இல் அறிவித்தது. குளோர்பெனிரமினும் பெனைலெப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கலாகாது என்று இந்தியா 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. சில பிள்ளைகளில் இம்மருந்துகள் நித்திரைக்குப் பதிலாகப் பரபரப்பையும் அழுகையையும் தரும். அளவு மிஞ்சினால் வலிப்பும் வரலாம்.

பாணியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கம்பியாவில் சிறுநீரகம் செயலிழந்து அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததோடு தொடர்புடைய நான்கு பாணிகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2022 ஒக்ரோபரில் எச்சரித்தது. அவற்றில் ஒன்று புரோமெதசின் பாணி. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் குழந்தைகள் இறந்தபோது, காஞ்சிபுரத்தில் தயாரான கோல்ட்ரிப் என்ற பாணியைத் தமிழ்நாட்டு அதிகாரிகள் பரிசோதித்தார்கள். பரசிற்றமோல், குளோர்பெனிரமின், பெனைலெப்ரின் கலந்த அந்தப் பாணியில் டைஎதிலீன் கிளைகோல் என்ற நச்சு 48.6 வீதம் இருந்தது. குழந்தைகளைக் கொன்றது கலப்பட நச்சு. ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தல்ல. ஆயினும் அந்தப் பிள்ளைகளுக்கு வந்த தடிமனுக்கு அப்படியொரு கலவைப் பாணி தேவையாகவே இருக்கவில்லை என்பது நெஞ்சைச் சுடும் உண்மை. தேவையற்ற ஒவ்வொரு போத்தலும் தேவையற்ற ஆபத்து.

தேவைப்படும்போது மருத்துவர் வயதும் எடையும் பார்த்து அளவு சொல்வார். ஆறு வயது முதல் பன்னிரண்டு வரை குளோர்பெனிரமின் 2 மில்லிகிராமே ஒரு தடவை அளவு, பெரியவருடையதில் பாதி. பாணியைத் தேக்கரண்டியால் அல்லாமல் போத்தலோடு வரும் அளவுக் கிண்ணத்தால் அல்லது சிரிஞ்சால் அளக்க வேண்டும். தடிமன் குளிசையிலும் இருமல் பாணியிலும் குளோர்பெனிரமின் ஒளிந்திருக்கும். அவற்றோடு பிரிற்றனும் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகும்.

முதியோர், கர்ப்பிணிகள், நோயாளிகள்

வயதானவர்களுக்கு முதல் தலைமுறை மருந்து உகந்ததல்ல. சிறுநீர் அடைத்துக்கொள்ளும், மலம் இறுகும், தலை சுற்றி விழுவார்கள், இரவில் புத்தி தடுமாறும். புரஸ்தகோளம் வீங்கிய அப்பாக்களும் கண்ணழுத்த நோயுள்ள அம்மாக்களும் இதைத் தவிர்க்க வேண்டும். இவ்வகை மருந்துகளை ஆண்டுக்கணக்கில் எடுத்தவர்களிடையே மறதி நோய் கூடுதலாகக் காணப்படுவதாகவும் 2015இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. சிறுநீரக நோயாளிகளுக்குச் செற்றிரிசின் அளவைக் குறைக்க வேண்டும்; அது சிறுநீர் வழியே வெளியேறும் மருந்து. கர்ப்பிணிகளில் லோராற்றடின், செற்றிரிசின் பற்றிய அனுபவம் ஆறுதலானது. ஆயினும் மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும். பாலூட்டும் தாய் நித்திரை தரும் மருந்தை எடுத்தால் குழந்தையும் சோர்ந்து போகலாம்.

நீண்டகாலம் செற்றிரிசின் அல்லது லீவோசெற்றிரிசின் எடுத்து நிறுத்தியவர்கள் சிலருக்குச் சில நாட்களில் கடும் கடி ஏற்படுவதாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் அறிவித்தது. இது அரிது. ஆனால் மாதக்கணக்காக ஒரு குளிசையை நம்பி வாழ்பவர், காரணம் கண்டறியப்பட்டதா என்று மருத்துவரிடம் ஒருமுறையாவது கேட்க வேண்டும். தோற் பரிசோதனைக்குப் போகுமுன் இம்மருந்துகளைச் சில நாட்கள் நிறுத்த வேண்டியிருக்கும். எத்தனை நாள் என்பதை அங்கேயே கேட்டறியலாம்.

உயிர் போகும் ஒவ்வாமை

இங்கேதான் குளிசையின் மீதான நம்பிக்கை உயிரை வாங்குகிறது. குளவிக் குத்து, இறால், நண்டு, கச்சான், ஏதோவொரு ஊசி மருந்து ஆகியவற்றால் நாக்கும் தொண்டையும் வீங்கி, மூச்சு இழுத்து, இரத்த அழுத்தம் விழும் நிலை அனபிலக்சிஸ். பிரித்தானியாவில் இத்தகைய மரணங்களை ஆராய்ந்து 2000இல் வெளியான கட்டுரை, உணவால் வந்தபோது சுமார் 30 நிமிடங்களிலும், குளவி போன்றவற்றின் நஞ்சால் வந்தபோது சுமார் 15 நிமிடங்களிலும், மருந்தூசியால் வந்தபோது சுமார் 5 நிமிடங்களிலும் இதயமோ மூச்சோ நின்றதைக் காட்டியது. விழுங்கிய குளிசை வேலை தொடங்க ஒரு மணிநேரமளவு ஆகலாம். தொடங்கினாலும் கடியையும் தடிப்பையும்தான் குறைக்கும். விழுந்த இரத்த அழுத்தத்தை உயர்த்தாது, அடைத்த தொண்டையைத் திறக்காது. அதைச் செய்வது அதிரினலின் ஊசி மட்டுமே. அதைத் தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும்.

இதற்கு நம் நாட்டிலேயே உறுதியான சான்று இருக்கிறது. பாம்புக்கடிக்குக் கொடுக்கும் விஷமுறிப்பு மருந்து இலங்கையில் பலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குகிறது. அதை முன்கூட்டித் தடுக்கப் புரோமெதசின், ஹைட்ரோகோட்டிசோன், அதிரினலின் ஆகியவற்றில் எது உதவும் என்று இலங்கை மருத்துவர்கள் 1007 நோயாளிகளில் ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். குறைந்த அளவு அதிரினலின், முதல் ஒரு மணிநேரத்தில் கடும் எதிர்வினைகளை 43 வீதம் குறைத்தது. புரோமெதசின் குறைக்கவில்லை. இலங்கை வயல்களிலும் தோட்டங்களிலும் பாம்பு தீண்டியவர்களின் உடலிலேயே கிடைத்த இந்த விடையை உலகம் ஏற்றுக்கொண்டது. நாமும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஆகவே முகம், நாக்கு வீக்கம், குரல் மாற்றம், மூச்சுத்திணறல், தலைசுற்றி மயக்கம், தொடர் வாந்தி ஆகியவற்றில் ஒன்றேனும் தடிப்போடு சேர்ந்து வந்தால் குளிசை தேடிக்கொண்டிருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள். 2016இல் தெற்கில் தொடங்கிய இந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்துக்கும் வந்துவிட்டது. நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் இருக்க விடுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை நமக்கு அண்மையில் இருக்கிறது. அறிகுறிகள் தணிந்தாலும் சில மணிநேரத்தில் திரும்பி வரக்கூடும் என்பதால், வைத்தியசாலையில் தங்கச் சொன்னால் மறுக்காமல் நில்லுங்கள்.

பெயரைக் கேட்டு வாங்குவோம்

மருந்தை அதன் வணிகப் பெயரால் அல்லாமல் மூலப்பெயரால் அறிய வேண்டும் என்று போராடியவர் இலங்கைப் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவருடைய சிந்தனையின் விளைவு. அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். இத்தகைய மரபுள்ள மண்ணில், "மஞ்சள் குளிசை", "சின்னக் குளிசை" என்று சொல்லி மருந்து வாங்குவதும், என்னவென்று எழுதப்படாத உறையில் அது வீட்டுக்கு வருவதும் இன்னும் தொடரக் கூடாது. மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை, நித்திரை வருமா என்ற நான்கும் உறையில் தமிழில் எழுதப்பட வேண்டும். எழுதித் தருவது பாமசிக்காரரின் கடமை; எழுதித் தரும்படி கேட்பது நமது உரிமை.

வயதுவந்தோரின் பகல்நேர ஒவ்வாமைக்கு இரண்டாம் தலைமுறைக் குளிசையே முதல் தெரிவு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் எதுவும் வேண்டாம். நித்திரைக்காகப் பிள்ளைக்குப் பாணி ஒருபோதும் வேண்டாம். மூச்சுத் திணறும் ஒவ்வாமைக்கு அதிரினலின் ஊசியே மருந்து. இந்த நான்கையும் உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவையுங்கள்; அதன் கீழே 1990 என்ற இலக்கத்தையும் எழுதிவிடுங்கள்.